சத்தத்துக்கும் ஒரு சாய்தளம்

ஆட்டிசம் உள்ள குழந்தையின் மருத்துவ ஃபைலில் பெரும்பாலும் ஒரு செவித்திறன் பரிசோதனை ரிப்போர்ட் இருக்கும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லையே என்று எடுத்த டெஸ்ட். ‘நார்மல்’ என்று வந்திருக்கும். அதே பிள்ளை மிக்ஸி ஓடினால் காதைப் பொத்திக்கொண்டு பாத்ரூமுக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொள்ளும். “காது நல்லாத்தானே கேக்குது, அப்புறம் என்ன அடம்?” என்பார்கள் சொந்தக்காரர்கள். அது அடம் இல்லை.

பழகிப்போகாத சத்தம்

மின்விசிறிச் சத்தம் கொஞ்ச நேரத்தில் நமக்குக் கேட்காமலே போய்விடுகிறது. பழகிய ஒலியை மூளை பின்னுக்குத் தள்ளிவிடுகிறது. ஆட்டிச நிலையாளர்கள் பலருக்கு இந்தப் பழக்கம் எளிதில் வருவதில்லை. குக்கர் விசில், மாடிவீட்டு டிரில்லிங், தெருவில் போகும் வண்டியின் ஒலிபெருக்கி, எதிரே இருப்பவர் பேச்சு என எல்லாம் ஒரே கனத்தோடு வந்து விழும். 2013-இல் வெளியான டிஎஸ்எம்-5 என்ற அமெரிக்க மருத்துவக் கையேடு, புலன்களின் இந்த மிகையான அல்லது குறைவான உணர்வையும் ஆட்டிசத்தைக் கண்டறியும் அடையாளங்களில் ஒன்றாகச் சேர்த்தது.

எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்காது. மிக்ஸிக்கு அலறும் பிள்ளையே கரண்டியால் தட்டைத் தட்டிக்கொண்டே இருக்கும். வீட்டார் குழம்புவது இங்கேதான். தான் எழுப்பும் சத்தம் எப்போது வரும், எப்போது நிற்கும் என்று அதற்குத் தெரியும். சொல்லாமல் வருவதும், விலகிப் போக இடம் இல்லாததும்தான் வதை. எத்தனை டெசிபல் என்பது அதற்குப் பிறகுதான்.

சராசரியில் மறையும் ஹாரன்

நம் நாட்டின் 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல்தான் வரம்பு. பள்ளி, மருத்துவமனை, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் முறையே 50, 40. சென்னை அண்ணா சாலையில் பஸ்ஸுக்கு நின்று பழகியவருக்கு இதைப் படித்தால் சிரிப்புதான் வரும். ஆனால் மீறல் மட்டுமே சிக்கல் இல்லை. இந்த எண்கள் நேரச் சராசரி. காதோரம் அலறிவிட்டுப் போகும் ஏர்ஹாரன் இரண்டு விநாடி. பகல் முழுவதற்குமான சராசரியில் கரைந்துபோகும். ஆட்டிச நிலையாளரின் நாளைக் கெடுப்பது அந்த இரண்டு விநாடிதான்.

நெஞ்சு படபடக்கும், வியர்க்கும், வாயில் பேச்சு வராது. சிலர் அலறித் தரையில் விழுவார்கள். பெற்றோர் ‘மெல்ட்டவுன்’ என்று சொல்வது இதைத்தான். சிலர் உறைந்து நின்றுவிடுவார்கள். கையை உதறிக்கொண்டு நடுரோட்டில் ஓடுபவர்களும் உண்டு. இதற்குப் பயந்தே பல குடும்பங்கள் வெளியே போவதைக் குறைத்துக்கொள்கின்றன. வளர்ந்தவர்களை நாம் நினைத்துக்கூடப் பார்ப்பதில்லை. வேலை நன்றாகத் தெரிந்தும், தடுப்பில்லாத ஆபீஸ் ஹாலின் இரைச்சல் தாங்காமல் ராஜினாமா எழுதிக் கொடுப்பவர் எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

நிறுத்த வேண்டாம், சொல்லிவிட்டுச் செய்யுங்கள்

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் இடம்பெற்றிருக்கிறது. ஆனாலும் அணுகல் வசதி என்றதும் நமக்குச் சக்கர நாற்காலிதான் ஞாபகம் வரும். மெரினா மணலில் 2022-இல் போட்ட மரப்பாதை அருமையான காரியம். காதுக்கு என்ன போட்டிருக்கிறோம்? அதே ஆண்டு பிரிட்டனில் வெளியான பிஏஎஸ் 6463 என்ற கட்டட வழிகாட்டி எதிரொலியைக் குறைப்பது, அமைதியான இடம் ஒதுக்குவது பற்றியெல்லாம் பேசுகிறது. கண்ணாடியும் கிரானைட்டுமாகக் கட்டும் நம் மால்களில் ஒரு குழந்தை அழுதால் மூன்று மாடிக்கும் கேட்கிறது. ஆஸ்திரேலியாவின் கோல்ஸ் சூப்பர்மார்க்கெட்டுகளில் 2017 முதல் குறிப்பிட்ட ஒரு மணி நேரம் பாட்டை நிறுத்தி, விளக்கைக் குறைக்கிறார்கள். இதற்குப் பெரிய செலவு ஏதும் இல்லை.

அதற்காக எல்லாவற்றையும் ஊமையாக்கிவிட முடியாது. ரயில் நிலைய அறிவிப்பை நிறுத்தினால் பார்வையற்றவர் தவித்துப்போவார். அறிவிப்பு இருக்கட்டும், இடையில் விளம்பரம் எதற்கு? தமிழ்நாட்டில் 2018 முதல் தீபாவளிப் பட்டாசுக்குக் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று நேரம் வகுத்தார்கள். காற்று மாசுக்காக வந்த கட்டுப்பாடு அது. முழுசாகக் கடைப்பிடிப்பவர்கள் யார் என்பது வேறு கதை. ஆனாலும் ‘ஏழு மணிக்கு வெடிப்பாங்க கண்ணா’ என்று முன்கூட்டியே சொல்ல முடிகிறதே, அதுவே பாதி மருந்து. ரோடு வெட்டும் வேலைக்கும் ஊர்வலத்துக்கும் இப்படி நேரம் அறிவித்தால் என்ன?

கிளம்பும் முன்

பிள்ளை இதுவரை இல்லாமல் திடீரென்று காதைப் பொத்த ஆரம்பித்தால், முதலில் இ.என்.டி. டாக்டரிடம் காட்டுங்கள், சீழோ வலியோ இருக்கலாம். சத்தம் தடுக்கும் ஹெட்போன் நன்றாகவே உதவும். நாள் முழுக்க மாட்டிவிடாதீர்கள். உணர்வு இன்னும் கூர்மையாகிவிடக்கூடும். மெல்ட்டவுன் வந்தால் அதட்ட வேண்டாம், கேள்வி கேட்க வேண்டாம். ஓரமாக, ஆள் இல்லாத இடத்துக்கு அழைத்துப் போங்கள். கல்யாணத்துக்குப் போகிறீர்களா? கெட்டிமேளம் எத்தனை மணிக்கு என்று கேட்டு வையுங்கள். முகூர்த்த நேரத்தில் மாப்பிள்ளை அறை காலியாகத்தான் இருக்கும். சாவி யாரிடம் இருக்கிறது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.