மீட்டரைப் பார்த்து வண்டி வாங்காதீர்! பல்லைப் பார்த்து வாங்குங்கள்!

"செகண்ட் ஹேண்ட்" வண்டியில் நடக்கும் தில்லுமுல்லு; ஆர்.சி. புத்தகம் மாறாவிட்டால் விற்றவருக்கும் ஆபத்து

(நமது நிருபர்)

எடப்பாடி,

"ஏனுங்கண்ணா, 8 வருசத்து வண்டி. மீட்டரைப் பாருங்க, 31 ஆயிரம் கிலோமீட்டர்தான்! சிங்கிள் ஓனர். அலுங்காத வண்டிங்க!"

புரோக்கர் இப்படிச் சொன்னால், உடனே பணத்தை எண்ணாதீர்கள். பேனாவை எடுத்து ஒரு கணக்குப் போடுங்கள்.

வண்டிக்காரர் என்ன வேலை பார்த்தார் என்று பேச்சோடு பேச்சாகக் கேளுங்கள். "சேலத்துல வேலைங்க. தினம் வண்டியிலதான் போய் வருவாரு" என்று அதே வாயால் பதில் வந்தால், அங்கேயே குட்டு உடைந்தது!

எடப்பாடியிலிருந்து சேலம் சுமார் 40 கிலோமீட்டர். போக வர 80. வருடத்தில் 300 நாள் என்றால் 24 ஆயிரம். 8 வருடத்தில் 1 லட்சத்து 92 ஆயிரம்! மீதி 1 லட்சத்து 61 ஆயிரம் கிலோமீட்டர் எங்கே போயிற்று?

"சுற்றி விடும்" வித்தை

அந்தக் காலத்து மீட்டரில் எண்கள் சின்னச் சக்கரங்களில் இருக்கும். கேபிளைக் கழற்றி விட்டால் வண்டி ஓடும், மீட்டர் ஓடாது. ஐந்து இலக்க மீட்டர் 99,999-ஐத் தாண்டினால் மறுபடி பூஜ்ஜியத்தில் ஆரம்பிக்கும். லட்சம் ஓடிய கிழவன் ஒரே நாளில் குழந்தை ஆகிவிடுவான்!

இப்போது டிஜிட்டல் மீட்டர் வந்துவிட்டதே என்று நினைத்தால் அதுவும் ஏமாளித்தனம்தான். எண் ஒரு சின்ன சிப்பில் பதிவாகிறது. கம்ப்யூட்டரை இணைத்து அதை மாற்றி எழுதும் ஆசாமிகள் இருக்கிறார்கள். கையில் கிரீஸ் படாமல் வேலை முடிந்துவிடும்.

இது உள்ளூர் வியாதி மட்டும் அல்ல. அமெரிக்காவில் இதற்கென்றே 1972-ல் சட்டம் கொண்டு வந்தார்கள். அப்படியும் அங்கே வருடத்துக்கு 4½ லட்சம் வண்டிகள் பொய் மீட்டரோடு விற்கப்படுவதாக அந்நாட்டு சாலைப் பாதுகாப்பு இலாகாவே கணக்குச் சொல்லி இருக்கிறது. நம் நாட்டில் பொய் சொல்லி ஏமாற்றிப் பணம் பறிப்பது, பாரதிய நியாய சன்ஹிதா 318-வது பிரிவின்படி மோசடிக் குற்றம். பழைய 420-தான் 2024 ஜூலை முதல் இந்த நம்பரில் வந்திருக்கிறது.

48 லட்சம் கிலோமீட்டர்!

அதிகம் ஓடிய வண்டி என்றாலே ஆகாது என்று ஒதுக்கவும் வேண்டாம். அமெரிக்காவில் இர்வ் கார்டன் என்ற பள்ளி ஆசிரியர் 1966-ல் ஒரு வால்வோ கார் வாங்கினார். அதே காரில் 2013-ல் 30 லட்சம் மைலைத் தாண்டி கின்னஸ் புத்தகத்தில் இடம் பிடித்தார். நம் கணக்கில் 48 லட்சம் கிலோமீட்டர்! மந்திரம் ஒன்றும் இல்லை. கம்பெனி புத்தகத்தில் சொன்னபடி தவறாமல் சர்வீஸ் பார்த்தார்.

அவ்வளவு தூரம் போவானேன்? சங்ககிரி லாரிகளைப் பாருங்கள். காஷ்மீர் வரை போய் வந்து லட்சக்கணக்கில் ஓடிய பிறகும் விலை போகின்றன. லாரித் தொழில் தெரிந்தவர் மீட்டரை மட்டும் பார்த்து விலை பேசமாட்டார். எப்.சி. எதுவரை இருக்கிறது, வரி கட்டி இருக்கிறதா, இன்ஜின் வேலை எப்போது செய்தது, டயர் எப்படி என்றுதான் கேட்பார்.

ஆகவே, ஓடியது குற்றம் அல்ல. ஓடியதை மறைப்பதுதான் ஆபத்து. "31 ஆயிரம்தானே" என்று நம்பியவர் செயினைப் பார்க்கமாட்டார், பிரேக்கைப் பிரித்துப் பார்க்கமாட்டார், வீல் பேரிங்கை மாற்றமாட்டார். 2 லட்சம் ஓடித் தேய்ந்த சாமானோடு, மனைவி பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மெயின் ரோட்டில் போவார். பணம் போனால் சம்பாதிக்கலாம், உயிர் போனால்?

சனிச் சந்தையில் ஆடு வாங்குவது போல...

கொங்கணாபுரம் சனிச் சந்தையில் ஆடு வாங்குபவர், விற்பவர் சொல்லும் வயதை நம்புவாரா? வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார். வண்டிக்கும் பல் உண்டு.

* பைக்கில் கால் வைக்கும் ரப்பர், பிரேக் பெடல், கியர் லீவர். காரில் கிளட்ச் பெடல் ரப்பர், ஸ்டீயரிங், டிரைவர் சீட். மீட்டர் 30 ஆயிரம் சொல்ல, ரப்பர் வழவழ என்று தேய்ந்திருந்தால் மீட்டர் பொய். எல்லாமே பளபள என்று புதிதாக மாட்டி இருந்தாலும் "ஏன் மாற்றினீர்கள்?" என்று கேளுங்கள்.

* டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 3519 என்றால் 2019-ம் ஆண்டு 35-வது வாரம் செய்த டயர் என்று அர்த்தம்.

* சர்வீஸ் பில்லைக் கேளுங்கள். அதில் தேதியும் கிலோமீட்டரும் இருக்கும். 2021-ல் 60 ஆயிரம் என்று பில் சொல்ல, இன்று மீட்டர் 31 ஆயிரம் என்றால் வேறு சாட்சி எதற்கு?

* காலையில் இன்ஜின் சூடாகும் முன் போய் நில்லுங்கள். உங்கள் கண் முன்னால் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். நீலப் புகை வந்தால் இன்ஜின் ஆயிலைக் குடிக்கிறது. கார் ஆயில் மோர் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் இறங்கி இருக்கலாம், செலவு பெரிது.

* நம்பிக்கையான மெக்கானிக்கைக் கூட்டிப் போங்கள். அவருக்குக் கொடுக்கும் சில நூறு ரூபாய் வீண் போகாது. புரோக்கரே கூட்டி வரும் மெக்கானிக் வேண்டவே வேண்டாம்!

காகிதத்தில் இருக்கிறது கண்டம்

வண்டி நன்றாக இருந்து, காகிதம் கெட்டிருந்தால் அதுவும் வம்புதான். சேஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும் ஆர்.சி.யில் இருப்பதோடு ஒத்துப் போகிறதா என்று பாருங்கள். திருட்டு வண்டியாக இருந்தால் போலீசார் வண்டியைக் கொண்டு போவார்கள்; கொடுத்த பணத்துக்கு நீங்கள் அலைய வேண்டும்.

ஆர்.சி.யில் பைனான்ஸ் பாக்கி பதிவு இருந்தால், கடன் முடிந்த சர்டிபிகேட்டும் பாரம் 35-ம் இல்லாமல் நகராதீர்கள். செல்போனில் "எம்-பரிவாகன்" செயலியில் வண்டி நம்பரைத் தட்டினால் பதிவான தேதி, இன்சூரன்ஸ் கெடு, பைனான்ஸ் விவரம் எல்லாம் தெரியும்.

முக்கியமானது பெயர் மாற்றம். பாரம் 29, 30-ல் வெறும் கையெழுத்தை வாங்கி வைத்துக்கொண்டு, பெயர் மாற்றாமல் கை மாற்றிக் கை மாற்றி விற்பது பல இடங்களில் வழக்கம். சட்டப்படி விற்றவர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். இன்சூரன்ஸ் மாற்ற 14 நாளுக்குள் மனுச் செய்ய வேண்டும்.

விற்றவர்களே, நீங்களும் கேளுங்கள்! ஒரு கார் பெயர் மாறாமலே பல கை மாறியது. 2009-ல் விபத்தில் ஒரு உயிர் போனது. வழக்கு பஞ்சாப்-அரியானா ஐகோர்ட்டைத் தாண்டி சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்தது. 2018 பிப்ரவரியில் தீர்ப்பு: ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டப்படி ஓனர். நஷ்டஈட்டுக்கு அவரே பொறுப்பு! வண்டியை எப்போதோ விற்றுவிட்டேன் என்று அவர் சொன்னது எடுபடவில்லை.

டீலரிடம் வாங்கினால், பழைய வண்டி வியாபாரத்துக்கு அங்கீகாரம் பெற்றவரா என்று கேளுங்கள். 2023 ஏப்ரல் முதல் அது கட்டாயம்.

15 வருடம் தாண்டியதா?

சொந்த வண்டிக்கு 15 வருடம் ஆனதும் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் இந்தக் கட்டணம் பைக்குக்கு ஆயிரம் ரூபாய், காருக்கு 5 ஆயிரம் என்று ஏறியது. 20 வருடம் தாண்டிய வண்டிக்கு 2025 ஆகஸ்டில் இரட்டிப்பாக்கினார்கள். பசுமை வரி தனி. மலிவாகக் கிடைத்ததே என்று வாங்கும் கிழட்டு வண்டிக்கு இந்தச் செலவையும் விலையோடு சேர்த்துக் கூட்டுங்கள்.

கடைசியாக ஒன்று. காலையில் வண்டியைக் காட்ட மறுக்கிறாரா? ஓட்டிப் பார்க்க விடவில்லையா? பெயர் மாற்றத்துக்கு "அப்புறம் பாத்துக்கலாங்க" என்று இழுக்கிறாரா? இதில் ஒன்று இருந்தாலும் அட்வான்ஸ் கொடுக்காமல் பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிடுங்கள். வேறு வண்டி கிடைக்காமலா போகும்!