கையறுநிலையும் கிறித்தவ எதிர்நோக்கும்: தேம்பாவணிக் கருணையன் புலம்பலை முன்வைத்து

முன்னுரை

நவம்பர் 2 கல்லறைத் திருநாள். அன்று சென்னைச் சாந்தோமை அடுத்த குயிபிள் தீவுக் கல்லறைத் தோட்டத்தில் குடும்பத்தார் கல்லறைகளைத் தூய்மை செய்து, மலர் தூவி, மெழுகுதிரி ஏற்றி வேண்டுகின்றனர். உயிர்த்தெழுதலை நம்பும் சமயத்தில் இறந்தோரை எண்ணி அழுதல் பொருந்துமா என்னும் வினா இயல்பாக எழுகிறது. இதற்குத் தமிழ்க் கிறித்தவ இலக்கியம் தரும் விடையை, வீரமாமுனிவரின் தேம்பாவணியில் (1726) அமைந்த கருணையன் புலம்பல்வழி இக்கட்டுரை விளக்குகிறது.

தமிழ் மரபில் இரங்கல்

அழுகை என்னும் மெய்ப்பாடு இளிவு, இழவு, அசைவு, வறுமை என்னும் நான்கின்வழிப் பிறக்கும் என்பது தொல்காப்பியம். அந்நூல் கையறுநிலையை, நிலையாமையைப் பொருளாகக் கொண்ட காஞ்சித்திணையுள் வைக்கிறது. பாரி மகளிர் பாடலில் (புறம். 112) இழப்பு இழப்பாகவே நிற்கிறது, அதற்கு அப்பால் ஆறுதல் எதுவும் சுட்டப்படவில்லை.

விவிலிய நோக்கு

இலாசரை எழுப்பப் போவதை அறிந்திருந்தும் இயேசு அவர்பொருட்டுக் கண்ணீர் விட்டார் (யோவான் 11:35). பவுலும் துயரத்தை விலக்கவில்லை. எதிர்நோக்கு இல்லாதவர்போலத் துயருறுவதையே விலக்கினார் (1 தெசலோனிக்கர் 4:13). எனவே கிறித்தவ நெறியில் அழுகை நம்பிக்கையின் குறைபாடு அன்று, அன்பின் வெளிப்பாடு.

கருணையன் புலம்பல்

திருமுழுக்கு யோவானுக்கு வீரமாமுனிவர் இட்ட பெயர் கருணையன். அவர்தம் தாய் எலிசபெத்தின் இறப்பை லூக்கா நற்செய்தி கூறவில்லை. காப்பியம் அதனை விரித்துரைக்கிறது. கானகத்தில் தாயை இழந்த கருணையன், கைகுவித்து, அன்னையின் உடலை அன்போடு காக்குமாறு நிலத்தை வேண்டுகிறான். மலர்ப்படுக்கை பரப்பி அடக்கம் செய்து, மலரையும் கண்ணீரையும் ஒருசேரப் பொழிகிறான். காக்குமாறு ஒப்படைக்கப்படும் பொருள் மீளப் பெறுதற்குரியது. ஆதலின் இவ்வேண்டுதலில் உயிர்த்தெழுதல் பற்றிய நம்பிக்கை உட்கிடையாக உள்ளது எனக் கொள்ளலாம்.

எனினும் அந்நம்பிக்கை துயரைச் சுருக்கவில்லை. மழைத்துளியின்றி வாடிய இளம்பயிராகவும், துணை பிரிந்த பறவையாகவும் தன்னைக் காணும் கருணையன், பிழைக்கும் வழியும் உணவு தேடும் வழியும் கானில் செல்லும் வழியும் அறியேன் எனப் புலம்புகிறான். ‘கையறுதல்’ என்னும் சொல்லின் முழுப்பொருளும் இங்குப் புலனாகிறது. அவன் புலம்பலைக் கேட்டுப் பறவைகளும் வண்டுகளும் அழுவனபோல் ஒலிக்கின்றன. தவத்தை அணிந்தவனாகப் போற்றப்படும் ஒருவனை, ஆறுதல் கூறி விரைந்து அமைதிப்படுத்தாமல், முழுமையாக அழவிடுகிறார் கவிஞர். தவமும் கண்ணீரும் ஒருவனிடத்தே முரணின்றி உறைகின்றன.

முடிவுரை

கையறுநிலையின் வடிவத்தை ஏற்ற வீரமாமுனிவர், அதன் திசையை மாற்றியுள்ளார். காஞ்சி நிலையாமையை உணர்த்தி நிற்க, கருணையன் புலம்பல் இழந்ததை ஒப்படைக்கும் வேண்டுதலாகிறது. துயரை மறுக்காமல் அதனை எதிர்நோக்கோடு தாங்குதலே கிறித்தவ இரங்கலின் ஆன்மிகப் பொருள். கல்லறைமேல் இன்றும் தூவப்படும் மலர் இப்பொருளையே உணர்த்துகிறது.