எஞ்சின் மறுபிறவி – 11: டென்ஷனரைப் பார்த்து செயின் செட் வாங்குங்கள்

எஞ்சின் வேலைக்காக டைமிங் செயின் செட் வாங்கப் போகிறவர் கடையில் முதலில் கையில் எடுப்பது செயினைத்தான். கண்ணிகளை வளைத்துப் பார்ப்பார், எந்தக் கம்பெனி முத்திரை என்று தேடுவார், ஸ்ப்ராக்கெட் பற்களைத் தடவிப் பார்ப்பார். அதே பெட்டியின் மூலையில் சின்னப் பையில் கிடக்கும், செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரைப் பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை. கேம்ஷாஃப்ட் ஹெட்டில் இருக்கும் இன்றைய எஞ்சின்களுக்கு இந்த வரிசை தலைகீழாக மாற வேண்டும். முதலில் டென்ஷனர், பிறகு செயினை வழிநடத்தும் கைடுகள், அதன் பிறகுதான் செயின்.

நம் சாலைகளில் நன்கு அறிமுகமான 1.3 மல்டிஜெட் டீசலையே எடுத்துக்கொள்வோம். 1248 சிசி கொள்ளளவுள்ள இந்த ஃபியட் எஞ்சின் 2003-ல் ஐரோப்பாவில் வெளிவந்தது. 2007-ல் ஸ்விஃப்ட் டீசல் வழியாக இங்கே பரவி, டிசையர், இண்டிகா விஸ்டா, புன்டோ என்று பல பெயர்ப்பலகைகளின் கீழ் ஓடியது. 2020-ல் பிஎஸ்-6 விதிகள் வந்ததும் மாருதி இதைக் கைவிட்டது. அதனால் இன்று பட்டறைக்கு வருபவை எல்லாமே வயதானவை. இதில் செயின் தேய்வது எப்படி? இரும்பு இழுபட்டு நீள்வதில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் பின்னும் புஷ்ஷும் உரசித் தேய்கின்றன. டீசல் எரிந்த கரி எஞ்சின் ஆயிலில் கலந்து அந்த உரசலை விரைவுபடுத்துகிறது. ஒரு செயினில் 150 கண்ணிகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் 0.01 மில்லிமீட்டர் தேய்ந்தாலே மொத்தச் செயின் ஒன்றரை மில்லிமீட்டர் நீண்டுவிடும். அந்த ஒன்றரை மில்லிமீட்டரைச் சத்தமில்லாமல் உள்வாங்கிக்கொள்வது டென்ஷனர். செயினின் தேய்மானம் பல ஆயிரம் கிலோமீட்டரில் மெல்ல வருவது, முன்னறிவிப்பும் தருவது. டென்ஷனர் பழுது அப்படியல்ல, ஒரே ஸ்டார்ட்டில் எஞ்சினை முடித்துவிடும்.

காரணம் அதன் அமைப்பிலேயே இருக்கிறது. உள்ளே ஒரு சிறு பிஸ்டன், பின்னால் ஸ்பிரிங், அதற்கும் பின்னால் ஆயில் அழுத்தம். வண்டியை நிறுத்தியதும் அழுத்தம் இறங்கிவிடும். மறுநாள் காலை சாவியைத் திருப்பி, ஆயில் ஏறி வரும்வரை செயினை இறுக்கிப் பிடிப்பது ஸ்பிரிங்கும், பிஸ்டன் பின்வாங்காமல் தடுக்கும் ராட்செட்டும்தான். அந்த ராட்செட் கைவிட்டால் செயின் தளர்ந்து பல் தாண்டும், வால்வு எஞ்சின் பிஸ்டனில் மோதி வளையும். இது வெறும் ஊகமில்லை. இங்கே லாரா, சூப்பர்ப் கார்களில் வந்த ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் 1.8 டிஎஸ்ஐ எஞ்சினின் ஆரம்பகால டென்ஷனர்களில் இதேதான் நடந்தது. அமெரிக்காவில் உரிமையாளர்கள் தொடுத்த கூட்டு வழக்கு 2018-ல் சமரசத்தில் முடிந்தது. அதற்கு முன்பே நிறுவனம் டென்ஷனரின் வடிவத்தையே மாற்றியிருந்தது. ஆகவே ‘ஒரிஜினல் பார்ட்’ என்ற சொல் மட்டும் போதாது. எத்தனையாவது திருத்தம் என்று பார்க்க வேண்டும். பழைய இருப்பில் கிடக்கும் ஒரிஜினலும், பழுதாகும் என்று தெரிந்து மாற்றப்பட்ட அதே பாகமாக இருக்கலாம். பாக எண்ணின் கடைசி எழுத்துவரை ஒப்பிட்டு வாங்குவதில் தவறே இல்லை.

வேலை பார்த்த எஞ்சினுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ஹெட்டை ஃபேசிங் செய்யும்போது சீவி எடுக்கும் அளவுக்கு கேம்ஷாஃப்ட் கிராங்கை நோக்கி இறங்குகிறது. செயின் புதிது என்றாலும் அந்த அளவுக்குத் தளர்வோடுதான் உட்காரும். அதை ஈடுகட்ட டென்ஷனர் பிஸ்டன் முதல் நாளே சற்று வெளியே வந்து நிற்கும். பிற்காலத் தேய்மானத்துக்கு வைத்திருந்த இடத்தில் ஒரு பங்கு அப்போதே செலவாகிவிடுகிறது. லேத்திலிருந்து ஹெட் திரும்பி வந்து, எவ்வளவு எடுத்தார்கள் என்று தெரிந்த பிறகு செட் வாங்குவதே முறை.

இதற்கு ஒரு மறுப்பு வரும்: பழைய மெக்கானிக் புத்தகங்கள் எல்லாம் இரட்டை வரிசை ரோலர் செயினைத்தானே முதலில் சொல்கின்றன? உண்மைதான். ஆனால் அந்த அறிவுரை பெரும்பாலும் 1955-ல் வந்த செவர்லே ஸ்மால் பிளாக் போன்ற அமெரிக்க வி-8 எஞ்சின்களுக்கானது. அங்கே கேம்ஷாஃப்ட் பிளாக்கிலேயே, கிராங்குக்கு நேர் மேலே இருக்கிறது. செயின் குட்டை, டென்ஷனர் கிடையாது. எனவே செயினின் தரமும் அளவுமே எல்லாவற்றையும் தீர்மானிக்கின்றன. மெயின் பேரிங் துளைகளை ஹோனிங் செய்து கிராங் மேலே ஏறியிருந்தால், அங்குலத்தில் ஆயிரத்தில் ஐந்து, பத்து பங்கு குட்டையான செயின் செட்களே தனியாக விற்கிறார்கள். அந்த எஞ்சினுக்கு அது சரியான தேர்வு. நீண்ட செயினும் டென்ஷனரும் உள்ள எஞ்சினுக்கு அதே பாடம் பொருந்தாது.

‘பழைய டென்ஷனரை விரலால் அமுக்கினால் கெட்டியாகத்தானே இருக்கிறது, எதற்கு மாற்ற வேண்டும்?’ என்று கேட்பவர்களும் உண்டு. விரலுக்குத் தெரிவது ஸ்பிரிங்கும் உள்ளே தேங்கிய ஆயிலும் மட்டுமே. ராட்செட் பல்லின் தேய்மானமோ, ஆயில் கசிவைத் தடுக்கும் சிறு வால்வின் நிலையோ கைக்குத் தெரியாது. மிச்சமாகும் பணமோ, ஹெட்டை மறுபடி இறக்கும் கூலிக்குக்கூடக் காணாது. பழைய ஸ்ப்ராக்கெட்டில் புதுச் செயின் போடுவதும் இதே வகைச் சிக்கனம்தான். நீண்ட செயினோடு தேய்ந்த பற்கள் புதுச் செயினைச் சீக்கிரம் தின்றுவிடும். செயினைப் பொறுத்தவரை நமக்குப் பஞ்சமில்லை. கோவையின் எல்ஜிபியும் சென்னையின் டிஐ டயமண்டும் செயின் செய்வதையே தொழிலாகக் கொண்டவை. ஆனால் பெட்டிமேல் ஒரு பெயர் இருப்பதால் உள்ளே உள்ள ஒவ்வொரு பாகமும் அதே தொழிற்சாலையில் வந்தது என்று பொருளில்லை. செயினில் முத்திரை இருந்து டென்ஷனரில் எதுவுமே இல்லையென்றால், டென்ஷனரை மட்டும் ஒரிஜினலாகத் தனியே வாங்குங்கள். செலவைக் குறைத்தே ஆக வேண்டும் என்றால் அதைத் தவிர வேறு எதிலாவது குறையுங்கள்.

எவ்வளவு நல்ல டென்ஷனரும் அதற்கு வரும் ஆயில் துளை அடைபட்டால் வீண். ஹோனிங் துகளும், அளவுக்கு மேல் பூசிய கேஸ்கெட் பேஸ்டும் போய் அடைத்துக்கொள்வது இந்த மாதிரிச் சின்னத் துளைகளில்தான். பிளாக்கைக் கழுவியபின் அந்தத் துளையில் காற்றடித்து, மறுபக்கம் தடையில்லாமல் வருகிறதா என்று பார்க்க வேண்டும். புது டென்ஷனர், பிஸ்டனை உள்ளே அடக்கிப் பிடிக்கும் ஒரு லாக் பின்னோடு வருமானால், பொருத்தியதும் அதை இழுத்தெடுக்க வேண்டும். பிறகு கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். டைமிங் லாக்கிங் கருவிகள் மறுபடி அதே இடத்தில் இலகுவாக நுழைந்தால் மட்டும் கவரை மூடுங்கள்.