காய்ச்சலில் கடையா, கட்டிலா?

வியாபாரிக்கு உடம்பு கெட்டால் வருவது ஒரு நோயல்ல, இரண்டு. ஒன்று உடம்பில் ஏறிய காய்ச்சல். மற்றொன்று கடையைப் பற்றிய கவலை. உத்தியோகத்தில் இருப்பவர் விடுப்புக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டுப் படுத்துக்கொள்ளலாம். மாதம் முடிந்தால் சம்பளம் வந்துவிடும். நாம் யாரிடம் விடுப்புக் கேட்பது? கதவு சாத்திய நாளுக்கும் வாடகை உண்டு, வட்டி உண்டு, கரண்டு பில் உண்டு.

முன்பெல்லாம் நமக்கு இரண்டே வழிகள்தான். முடிந்தால் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு கல்லாவில் உட்காருவோம். முடியாவிட்டால் தம்பியிடமோ மகனிடமோ சாவியைக் கொடுப்போம், ஆளில்லாதவர்கள் கடையைப் பூட்டுவோம். இன்று மூன்றாவது வழி ஒன்று வந்திருக்கிறது. ஆர்டர் கைப்பேசியில் வருகிறது. மளிகைச் சிட்டை வாட்ஸ்அப்பில் வருகிறது. பணம் நேராக வங்கிக் கணக்கில் விழுகிறது. கடையில் மாட்டிய கேமரா, படுக்கையில் இருந்தபடியே கல்லாவைக் காட்டுகிறது. 2020ஆம் ஆண்டு ஊரடங்கின்போது நம்மில் பலர் இப்படி வியாபாரம் செய்யப் பழகிக்கொண்டோம். ஆகவே, "உடம்பு முடியவில்லையா, வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம்" என்பது இப்போது நமக்கும் சாத்தியமாகிவிட்டது.

வசதி நல்லதுதான். ஆனால் கடைக்குப் போகவில்லை என்பதாலேயே ஓய்வு எடுத்துவிட்டதாக ஆகாது. எப்போது கடைக்குப் போகலாம், எப்போது வீட்டிலிருந்து பார்க்கலாம், எப்போது கைப்பேசியையே தூர வைக்க வேண்டும் என்று முடிவு செய்ய மூன்று கேள்விகளை வரிசையாகக் கேட்டுப் பார்ப்பது நல்லது.

முதல் கேள்வி: நோய் பிறருக்குப் பரவுமா?

நாம் விற்பதில் பெரும்பகுதி திறந்து வைத்த சரக்கு. வெல்லம், புளி, பொரிகடலை, பேரீச்சம்பழம் ஆகியவற்றைக் கையால் அள்ளிப் பொட்டலம் கட்டுகிறோம். இவற்றில் பலவற்றை வாங்கிச் செல்பவர் கழுவாமலே வாயில் போடுவார். அதனால்தான் சட்டமும் இதில் கண்டிப்பாக இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2011இல் வந்த விதிமுறைகள், தொற்றுநோய் உள்ளவரை உணவுப் பொருள் கையாளும் வேலையில் வைக்கக்கூடாது என்கின்றன. கையில் வெட்டுக்காயம், புண் இருந்தாலும் மூடிக் கட்ட வேண்டும், சரக்கைத் தொடக்கூடாது. பெரிய ஓட்டலுக்கு மட்டுமல்ல, பதிவுச் சான்றிதழ் வாங்கியிருக்கும் சிறு கடைக்கும் இது பொருந்தும்.

எந்த நோய்க்கு எத்தனை நாள் என்பதைத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். வயிற்றுப்போக்கு, வாந்தி என்றால், அது நின்ற பிறகும் 48 மணி நேரம் உணவுப் பொருளைத் தொடாமல் இருப்பது முறை. மஞ்சள் காமாலையில் நம் பக்கம் அதிகம் காணப்படும் 'ஏ' வகை, கண் மஞ்சளாவதற்கு முன்பே பரவத் தொடங்கி, மஞ்சள் தெரிந்த பிறகும் சுமார் ஒரு வாரம் பரவக்கூடியது. டைபாய்டில் சிலருக்குக் காய்ச்சல் நின்ற பிறகும் கிருமி உடலில் தங்கியிருக்கும். மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரையை முழுவதும் முடித்து, அவர் சொன்ன பிறகே சரக்கைத் தொட வேண்டும். ஃப்ளூ காய்ச்சல், அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பிருந்து ஐந்து முதல் ஏழு நாள் வரை பரவும். சின்னம்மையில் கொப்புளம் எல்லாம் பொருக்குத் தட்டும் வரை வெளியே வரக்கூடாது.

அம்மை விஷயத்தில் நம் பெரியவர்கள் நமக்கு முன்பே வழி காட்டியிருக்கிறார்கள். வாசலில் வேப்பிலை செருகிய வீட்டுக்கு யாரும் போவதில்லை, அந்த வீட்டார் கடைத்தெருவுக்கு வருவதும் இல்லை. அம்மைக்குக் கொடுக்கும் அந்த மரியாதையைக் காமாலைக்கும் ஃப்ளூவுக்கும் ஏன் கொடுக்கக்கூடாது? நெருக்கமான சந்தையில் நோய் எவ்வளவு வேகமாகப் பரவும் என்பதைக் கோயம்பேட்டில் பார்த்தோம். கொரோனா பரவியதால் 2020 மே 5ஆம் தேதி, வணிகர் தினத்தன்று, அந்தச் சந்தையையே மூட வேண்டி வந்தது.

ஆகவே நோய் பரவக்கூடியது என்றால் கடைக்குப் போகும் பேச்சுக்கே இடமில்லை. வீட்டிலிருந்து பார்ப்பதா, வேண்டாமா என்பதுதான் மிச்சம்.

இரண்டாம் கேள்வி: தலை தெளிவாக இருக்கிறதா?

நம் தொழிலில் வாய்ச்சொல்தான் பத்திரம். போனில் "சரி" என்று சொல்லிவிட்டால் சரக்கு லாரி ஏறிவிடும். நம் வட்டாரத்து மண்டிக்காரர் ஒருவர் கடும் காய்ச்சலில் படுத்திருந்தார். தரகர் போன் செய்து, விலை ஏறப்போகிறது என்றார். ஐந்து டன் துவரம்பருப்பு கேட்க வேண்டியவர், பத்து டன்னுக்குத் தலையாட்டிவிட்டார். சரக்கு இறங்கிய வாரம் விலை சரிந்தது. காய்ச்சலில் சொன்னேன் என்று அவர் பின்வாங்கவில்லை, பின்வாங்கவும் முடியாது. அந்த நஷ்டத்தை ஈடுகட்ட அவருக்கு ஒரு வருடம் பிடித்தது.

சளிக்கும் இருமலுக்கும் கொடுக்கும் மருந்துகளில் பல மயக்கம் தரக்கூடியவை. அவற்றைச் சாப்பிட்டால் வண்டி ஓட்டக்கூடாது என்கிறார்கள். விலை பேசவும் கூடாது என்று நாம் சேர்த்துக்கொள்ளலாம்.

கட்டிலில் இருந்தபடி பார்க்கக்கூடிய வேலை எது, கூடாத வேலை எது என்று பிரித்துக்கொண்டால் குழப்பம் இல்லை. தினசரி விற்பனையைக் கேட்டுக்கொள்ளலாம். வழக்கமான சரக்கை வழக்கமான அளவில், வழக்கமான இடத்தில் சொல்லி அனுப்பலாம். வந்த பணத்தைக் கணக்கோடு ஒத்துப் பார்க்கலாம். மாதந்தோறும் ஜி.எஸ்.டி. தாக்கல் செய்பவர்களுக்கு 11ஆம் தேதியும் 20ஆம் தேதியும் முக்கியம். தவறினால் நாளொன்றுக்குத் தாமதக் கட்டணமும், கட்ட வேண்டிய வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டியும் சேரும். அதைக் கணக்காளர் தயார் செய்துவிடுவார். நம் கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி. எண்ணைச் சொல்ல ஐந்து நிமிடம் போதும்.

ஆனால் புதுக் கொள்முதல், முன்பணம் கொடுத்துச் சரக்குப் பிடிப்பது, புது ஆளுக்குக் கடன் கொடுப்பது, பாக்கிக்காரரோடு வாக்குவாதம், வேலையாளை நிறுத்துவது ஆகியவற்றைக் காய்ச்சல் விட்டு இரண்டு நாள் ஆகும் வரை தொடவே கூடாது. நல்ல விலை கைவிட்டுப் போகலாம். போகட்டும். மண்டியில் விலை மறுபடியும் வரும்.

மூன்றாம் கேள்வி: வேலை பார்த்தால் நோய் நீளுமா?

கைப்பேசிக்கு நேரம் காலம் கிடையாது. காலை ஐந்து மணிக்கு லாரி ஷெட்டிலிருந்து அழைப்பு வரும், இரவு பதினொரு மணிக்கு வசூல் கணக்கு வரும். இடையில் வாட்ஸ்அப் மணி அடித்துக்கொண்டே இருக்கும். இப்படி மூன்று நாள் படுத்திருப்பதைவிட, ஒரு நாள் கைப்பேசியை அணைத்துவிட்டுத் தூங்குவது மேல். காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் என்று வரையறுத்து, மற்ற நேரத்தில் கைப்பேசி வீட்டில் வேறொருவர் கையில் இருக்க வேண்டும்.

டெங்கு விஷயத்தில் தனி எச்சரிக்கை தேவை. இது ஒருவர் தொட்டு மற்றவருக்கு வருவதில்லை, கொசுவால் வருவது. அதனால் காய்ச்சல் இறங்கியதும் கடைக்குப் போகலாம் என்று தோன்றும். அங்கேதான் ஆபத்து இருக்கிறது. டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நேரத்தை ஒட்டிய ஓரிரு நாட்களே மோசமான கட்டம். கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், அமைதியின்மை இவற்றில் எது கண்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மளிகைக் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் தீபாவளி வியாபாரம் என்பதால், காய்ச்சல் விட்ட மறுநாளே கடைக்கு வந்தார். மாலையில் கல்லா அருகிலேயே மயங்கி விழுந்தார். பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து, பிழைத்ததே பெரிது என்று வீடு திரும்பினார். நம் கடையிலேயே சரமாகத் தொங்கும் வலி மாத்திரைகளில் சில, ஆஸ்பிரின் கலந்தவை. டெங்குவில் ரத்தக்கசிவை அதிகமாக்கும் என்பதால், காய்ச்சலுக்கு நாமாக எடுத்துப் போட்டுக்கொள்ளும் பழக்கத்தை விட வேண்டும்.

வேலையாளுக்கும் இதே அளவுகோல்

முதலாளி வீட்டிலிருந்து போனில் வியாபாரம் பார்க்கலாம். மூட்டை தூக்குபவரும், பொட்டலம் கட்டும் பையனும் எப்படிப் பார்ப்பார்கள்? அவர்களுக்குக் கடையா, கட்டிலா என்ற இரண்டே வழிகள்தான். ஒரு நாள் சம்பளம் போய்விடும் என்ற பயம் இருந்தால், காய்ச்சலை மறைத்துக்கொண்டு வேலைக்கு வருவார்கள். பிறகு கடை முழுவதும் படுக்கும். 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில், நோய்க்காக வருடத்துக்கு 12 நாள் விடுப்பு சொல்லப்பட்டிருக்கிறது. சட்டத்துக்காக இல்லாவிட்டாலும் நம் லாபத்துக்காகவாவது, "உடம்பு முடியவில்லையா, வராதே, சம்பளம் உண்டு" என்று சொல்லிவிடுவது நல்லது.

உடம்பு நன்றாக இருக்கும்போதே

வீட்டிலிருந்து பார்க்க முடியுமா என்பது படுத்த பிறகு யோசிக்கும் விஷயமல்ல. மொத்த பாக்கியும் கொள்முதல் விலையும் ஒருவர் தலைக்குள்ளேயே இருந்தால், அவர் படுத்ததும் கடையும் படுத்துவிடும். யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும், யாரிடமிருந்து எவ்வளவு வர வேண்டும், எந்தத் தேதி என்பதை ஒரு நோட்டில் எழுதி, வீட்டில் ஒருவருக்குக் காட்டி வைக்க வேண்டும். மனைவி, மகள், மருமகள் யாராக இருந்தாலும் சரி, கணக்கைப் புரிந்துகொண்டவர்தான் அந்த நேரத்தில் பங்குதாரர்.

காசோலையில் வெறும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் படுக்கும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது. அது வேண்டாம். நடப்புக் கணக்கை நம்பிக்கையான இன்னொருவர் இயக்க அனுமதித்து, வங்கியில் முறையாக எழுதிக் கொடுத்துவிடலாம். நடுங்கும் கையால் போட்ட கையெழுத்து ஒத்துவராமல் காசோலை திரும்பினாலும், பணமில்லாமல் திரும்பியதைப் போலவே 138ஆவது பிரிவில் வழக்கு வரலாம் என்று 2012இல் உச்சநீதிமன்றம் கூறியிருக்கிறது.

ஒற்றை ஆள் கடைக்கு என்ன வழி?

மேலே சொன்னதெல்லாம் ஆள் வசதி உள்ளவர்களுக்குப் பொருந்தும். தெருமுனையில் தனி ஆளாகக் கடை நடத்துபவருக்கு வீட்டிலிருந்து பார்ப்பது என்பதே கிடையாது. அவர் துணிந்து பூட்டத்தான் வேண்டும். "உடல்நலக் குறைவு, வியாழக்கிழமை திறக்கும்" என்று ஓர் அட்டை மாட்டினால் போதும். வாடிக்கையாளருக்கு அது புரியும். எப்போது திறக்கும் என்று தெரியாமல் பூட்டிக் கிடக்கும் கடையைத்தான் அவர் மறப்பார். கெட்டுப்போகும் பால், தயிர், காய்களைப் பக்கத்துக் கடைக்காரர் வாங்கி விற்றுக் கொடுக்கலாம். இன்று அவருக்கு நாம், நாளை நமக்கு அவர்.

ஆனால் அவர் பூட்டத் தயங்குவது வாடிக்கையாளருக்குப் பயந்து மட்டுமல்ல. செவ்வாய்க்கிழமை வசூலுக்கு வரும் நம் ஆளுக்குப் பயந்தும்தான். பூட்டிய கடையைப் பார்த்தால், பாக்கிக்குப் பயந்து ஓடிவிட்டார் என்று மண்டித் தெருவில் பேச்சு வந்துவிடுமோ என்ற கவலையில், காமாலைக் கண்ணோடு கடை திறந்தவர்கள் உண்டு. மொத்த வியாபாரிகளான நாம் இதில் ஒன்று செய்யலாம். சில்லறை வியாபாரி படுத்திருக்கிறார் என்று தெரிந்தால், அவருடைய தவணையை வட்டியில்லாமல் பத்து நாள் தள்ளி வைக்கலாம். அவர் திறக்கும் நாளில் முதல் சரக்கைக் கடனாக இறக்கிக் கொடுக்கலாம். வருடத்தில் ஒருவருக்கு ஒரு முறை நேரக்கூடிய இந்தப் பத்து நாளால் எந்த மண்டியும் மூழ்கிவிடாது. நல்ல வாடிக்கை ஒன்று ஆஸ்பத்திரிச் செலவில் அழிந்தால், மொத்த பாக்கியும் அதோடு போகும்.

சுவர் இருந்தால்தான் சித்திரம் என்று நமக்குத் தெரியும். நோயாளி வியாபாரி நிம்மதியாகப் படுக்க முடியுமா, முடியாதா என்பது அவர் கையில் பாதிதான் இருக்கிறது. மீதிப் பாதி, அவருக்குச் சரக்குக் கொடுக்கும் நம் கையில் இருக்கிறது. நமது சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இந்தப் பத்து நாள் தவணையை ஒரு வழக்கமாக ஏற்றுக்கொள்வது பற்றி உறுப்பினர்கள் பேச வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.