முதுகுக்கும் ஒரு கண்

கேரவன் என்றதும் நம் நினைவுக்கு வருவது, படப்பிடிப்புத் தளத்தில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் வாகனம். அமெரிக்காவில் விடுமுறைக்குச் செல்லும் பல குடும்பங்கள் பயன்படுத்தும் 'டிராவல் டிரெய்லர்' வேறு வகை. அதற்கு எஞ்சின் கிடையாது. படுக்கை, சமையலறை, கழிப்பறை கொண்ட அந்தச் சக்கர வீட்டைக் காரின் பின்னே பூட்டி இழுத்துச் செல்வார்கள்.

2018 மே முதல் அங்கு தயாரிக்கப்படும் புதிய கார்கள் அனைத்திலும் பின்புறக் கேமரா கட்டாயம். 2002-இல் தந்தை பின்னோக்கி எடுத்த வாகனத்தில் சிக்கி இரண்டு வயதுக் குழந்தை உயிரிழந்தது. அக்குழந்தையின் பெயரால் 2008-இல் இயற்றப்பட்ட சட்டத்தின் விளைவு இது. வாகனத்தின் பின்னே 10 அடி அகலம், 20 அடி நீளமுள்ள பரப்பு ஓட்டுநருக்குத் திரையில் தெரிய வேண்டும் என்கிறது விதி. ஆனால், டிரெய்லர்களுக்கு அச்சட்டமே விலக்களித்துவிட்டது. டிரெய்லரைப் பூட்டியதும் காரின் கேமராவுக்குத் தெரிவது அதன் முன்சுவர் மட்டுமே. குழந்தைகள் சைக்கிள் ஓட்டித் திரியும் முகாம்களில்தான் இந்த வண்டிகள் பின்னோக்கி நிறுத்தப்படுகின்றன என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆகவே, உரிமையாளரே கேமராவைப் பொருத்த வேண்டியிருக்கிறது. முதலில் தீர்மானிக்க வேண்டியது, மின்சாரத்தை எங்கிருந்து எடுப்பது என்பது. ரிவர்ஸ் விளக்கின் கம்பியிலிருந்து எடுத்தால் பின்னோக்கி நகரும்போது மட்டுமே கேமரா இயங்கும். பின்சுவரின் உச்சியில் வரிசையாக எரியும் சிவப்பு விளக்குகளிலிருந்து எடுத்தால், நெடுஞ்சாலையிலும் பின்வரும் வாகனங்களைக் காணலாம். பகலிலும் விளக்கைப் போட்டுக்கொண்டு ஓட்டினால் போதும். இரண்டாவதே மேல். டிரெய்லர் பூட்டிய காரின் உள்கண்ணாடி எப்படியும் பயனற்றது.

காரையும் டிரெய்லரையும் இணைக்கும் ஏழு முனைப் பிளக்கில் விளக்கு, பிரேக், மின்னூட்டம் ஆகியவற்றுக்கு இடமுண்டு, காட்சிக்கு இடமில்லை. அதனால் தனிக் கம்பி இழுக்க வேண்டும், அல்லது கம்பியில்லா கேமரா வாங்க வேண்டும். பின்னது எளிது. ஆனால், நீண்ட வண்டியின் உலோகச் சுவர்களைத் தாண்டி வரும் அலை தடுமாறும். படம் உறைந்து நிற்கும். உறைந்த படம், படமே இல்லாததைவிட ஆபத்தானது. ஓட்டுநர் அதை நம்பிவிடுவார்.

கேமராவை உயரத்தில், நட்டநடுவில் வைத்து, படத்தின் அடியில் வண்டியின் பம்பர் விளிம்பு தெரியும்வரை சாய்க்க வேண்டும். அதைவிட முக்கியம், துளையிட்ட இடத்தை அடைப்பது. பின்னால் பியூட்டைல் பட்டையும் சுற்றிலும் சீலன்ட்டும் இல்லையேல் மழைநீர் சுவருக்குள் இறங்கும். பல டிரெய்லர்களின் சட்டகம் மரத்தாலானது. அது உளுத்துப்போவது வெளியே தெரிய மாதங்கள் ஆகும்.

இத்தனை வேலையையும் வாங்குபவர் தலையில் கட்டுவது நியாயமல்ல. பல நிறுவனங்கள் கேமராவுக்கான தாங்கியையும் கம்பியையும் தொழிற்சாலையிலேயே பொருத்திவிட்டு, கேமராவை மட்டும் விட்டுவிடுகின்றன. காருக்குக் கட்டாயமானதை அதன் பின்னே செல்லும் வீட்டுக்கும் கட்டாயமாக்கலாம்.

அதுவரையிலும் அதன் பிறகும், பின்னே ஒருவர் நின்று கைகாட்டும் பழைய வழக்கத்தைக் கைவிடலாகாது. கேமராவுக்குப் பக்கவாட்டில் நிற்கும் மரமோ தலைக்குமேல் தாழ்ந்த கிளையோ தெரியாது. கைகாட்டுபவர் பக்கக் கண்ணாடியிலிருந்து மறைந்த கணமே, திரையில் என்ன தெரிந்தாலும், வண்டி நிற்க வேண்டும்.