அர்த்தம் தெரியாத வார்த்தையா? அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள்!

பரீட்சை நெருங்கிவிட்டால் மயிலாப்பூர், மாம்பலம், அடையாறு என்று எங்கே போனாலும் இதே புலம்பல்தான். "பாடத்தையெல்லாம் கடகடன்னு ஒப்பிக்கிறான் மாமி. பாடத்தில் இல்லாத பத்தியைக் கொடுத்தா, ஒரு வார்த்தை புரியலேன்னாலும் அங்கேயே உட்கார்ந்துடறான்!"

கவலை நியாயமானதுதான். சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தாளில், 2023-24ல் 80 மதிப்பெண்ணுக்கு 20 இந்த வாசிப்புப் பகுதிக்கே. அமெரிக்கக் கல்லூரிகளுக்கான எஸ்.ஏ.டி. தேர்விலும், 'இந்த இடத்தில் இச்சொல்லுக்கு என்ன பொருள்?' என்ற கேள்வி உண்டு.

"எனக்கு இங்கிலீஷ் வராதே!" என்று ஒதுங்கிவிடாதீர்கள். இதைத் தமிழிலேயே பழக்கலாம். 'படி' என்ற சொல்லையே பாருங்களேன். மாடிப் படி, அரைப் படி அரிசி, 'பாடத்தைப் படி', பஞ்சப்படி! எது எதுவென்று அகராதியைப் பார்த்தா தெரிந்துகொள்கிறோம்? பக்கத்துச் சொல் காட்டிக் கொடுத்துவிடுகிறது.

ஆங்கிலத்திலும் அப்படியே. பத்தியில் இப்படி வருகிறது என்று வைத்துக்கொள்வோம்: 'பாட்டி ரொம்ப "ஃப்ரூகல்". பழைய நோட்டில் மீந்த தாளைக்கூடத் தைத்து வைப்பாள். ஆனால் பேரன் படிப்புக்கென்றால் தாராளமாய்ச் செலவழிப்பாள்.'

* முதலில் நிற்காமல் வாக்கியம் முழுவதையும் படிக்கச் சொல்லுங்கள். தாளைத் தைப்பது ஓர் உதாரணம்.
* 'ஆனால்' வந்தால் உஷார்! தாராளத்துக்கு எதிர்ப்பக்கம் ஏதோ சொல்லியிருக்கிறார்கள்.
* ஊகித்த சொல்லை அதே இடத்தில் வைத்துப் படிக்கட்டும். 'கஞ்சத்தனம்' பொருந்தாது, கஞ்சப் பாட்டி பேரனுக்கு மட்டும் அள்ளிக் கொடுப்பாளா? 'சிக்கனம்' கச்சிதமாய் உட்காருகிறது.

தெரிந்த வார்த்தையும் ஏமாற்றும். 'ஃபைன்' என்றால் நன்று; டிராபிக் போலீஸ்காரர் சொன்னால் அபராதம்!

ஒன்று நினைவிருக்கட்டும். நூறு சொல்லில் சுமார் 98 தெரிந்தால்தான் பெரும்பாலோருக்குப் பத்தி யார் உதவியும் இல்லாமல் நன்றாகப் புரியும் என்று 2000ல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. ஆகவே தினசரி வாசிப்புக்கு மாற்றே கிடையாது.

ஊகித்ததைச் சரிபார்ப்பதும் முக்கியம். 1887ல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சா., பல ஏடுகளை ஒப்பிட்டார். உரையோடு பொருத்திப் பார்த்தார். விளங்காத சமணச் செய்திகளைச் சமணர்களிடமே கேட்டுத் தெளிந்தார். அவர் பெயரில் உள்ள நூலகம் பெசன்ட் நகரில் இருக்கிறது. லீவு நாளில் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

தினம் பத்து நிமிஷம் போதும். பேப்பரில் ஒரு செய்தி, அதில் ஒரு புதுச் சொல். முதலில் ஊகம், அப்புறம் அகராதி. மருந்துச் சீட்டில் மட்டும் ஊகமே கூடாது; டாக்டரிடமோ மருந்துக் கடைக்காரரிடமோ கேட்டுவிடுங்கள்!