சக்கரத்தைப் பிடித்திருக்கும் நட்டுகள்

கார் வாங்கியதும் பலர் முதலில் மாற்ற விரும்புவது சக்கரங்களையே. அலாய் சக்கரங்களைப் பல கடைகள் ஏறி இறங்கித் தேர்ந்தெடுப்போர், அவற்றைப் பிடித்திருக்கும் நட்டுகளை மட்டும் கடைக்காரரின் விருப்பத்திற்கு விட்டுவிடுகின்றனர்.

முதலில் காண வேண்டியது மரை. மாருதி சுசுகி கார்கள் பெரும்பாலானவற்றில் ஸ்டட்டின் விட்டம் 12 மில்லிமீட்டர், மரை இடைவெளி 1.25. ஹூண்டாய், ஹோண்டா கார்களில் பெரும்பாலும் விட்டம் அதுவே, இடைவெளியோ 1.5. மாறிப்போன நட்டு ஓரிரு சுற்று ஏறியபின் முரண்டும். வலிந்து திருகினால் ஸ்டட்டின் மரையே அழியும்.

இதைவிட ஏமாற்றுவது நட்டு அமரும் முகம். ஹோண்டாவின் நட்டு உருண்டை முகம் கொண்டது. வெளிச்சந்தை அலாய் சக்கரங்களில் பெரும்பாலானவை 60 பாகைக் கூம்பு முகத்தை வேண்டுபவை. பழைய நட்டையே பொருத்தினாலும் இறுகியதுபோலவே தோன்றும். ஆனால் அது தொடுவது மெல்லிய ஒரு வளையத்தை மட்டுமே. ஓட்டத்தில் அது தளரும். நெடுஞ்சாலையில் சக்கரம் கழல அதுவே போதும்.

நட்டு ஏறக்குறைய 12 மில்லிமீட்டர் ஆழம் மரையைப் பற்ற வேண்டும், 1.5 இடைவெளியில் அது எட்டுச் சுற்று. கையால் திருகி எண்ணிப் பாருங்கள். வண்ண அலுமினிய நட்டுகள் கண்ணுக்கு அழகுதான். அன்றாடக் காருக்கு எஃகே தகும். கையேடு கூறும் டார்க் அளவில் இறுக்கச் சொல்லுங்கள். 80 முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின் மீண்டும் சரிபாருங்கள். ஸ்டெப்னி பழைய இரும்புச் சக்கரமாயின், அதற்குரிய நட்டுகள் டிக்கியிலேயே இருக்கட்டும். சக்கரம் மாற்றியதைக் காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்து மூலம் தெரிவித்துவிடுங்கள்.